கெத்தாப்பாங் சருகுக்கு எந்த மெஷின்?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. செத்தாப்பாக்கில் கோர்னர் லாட் வீடு. கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை 20க்கு 20 அடி. பக்கவாட்டில் 15க்கு 60 அடி கவ்கிராஸ் புல். வேலியோரம் பூச்சட்டிகள் வரிசையாக இருக்கின்றன, அவற்றின் அடியில் கூழாங்கல் கொட்டியிருக்கிறோம். உள்ளே ஒரு மாமரம். வேலிக்கு வெளியே, சாலையோரத்தில், கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல் நட்ட பெரிய கெத்தாப்பாங் மரம். அதன் இலை பாதி எங்கள் வீட்டில்தான் விழுகிறது. முட்டி வலியால் தினமும் குனிந்து கூட்ட முடியவில்லை. முதுகில் மாட்டிக்கொண்டு சருகை ஊதித் தள்ளும் பெட்ரோல் ப்ளோவர் வாங்கலாம் என்கிறான் மகன். ஹார்ட்வேர் கடைக்காரர், சருகை உறிஞ்சி அரைத்துப் பையில் போடும் 3000 வாட் மெஷினைக் காட்டுகிறார். இணையத்தில் 21 வோல்ட் பேட்டரி ப்ளோவர் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மகனிடம் 18 வோல்ட் டிரில் ஒன்றும், அதற்கு 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டும் இருக்கின்றன. 600 வெள்ளி வரை செலவு செய்யலாம். எதை வாங்குவது? முன்பெல்லாம் சருகை வீட்டுக்குப் பின்னால் எரித்துவிடுவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆஸ்துமா என்பதால் நிறுத்திவிட்டோம். இனி அதை என்ன செய்வது?

பதில்:

அம்மா, மூன்று பேர் உங்களுக்கு மூன்று மெஷின் சொல்லியிருக்கிறார்கள். மூன்றுமே காய்ந்த சருகை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி பிற்பகலிலும் மாலையிலும் இடியோடு கொட்டும் மழை. முந்தின மாலை நனைந்த சருகு, மறுநாள் காலை பத்து பத்தரை வரை தரையோடு ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். மதியம் இரண்டு மூன்று மணிக்கு வானம் மறுபடி கறுக்கும். ஆக, சருகு சருகாக இருப்பது நாளுக்கு நாலைந்து மணி நேரம். எந்தக் கருவி வாங்கினாலும் அதை இந்த நேரத்துக்குள் பயன்படுத்தினால் பாதி வேலை மிச்சம். விடிந்ததும் கூட்டுவது நம் வீடுகளில் பழக்கம்தான். உங்கள் முட்டிக்கு அது நல்லதல்ல, பதினொரு மணிக்குத் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது இலை. கெத்தாப்பாங், அதாவது ஊரில் வாதாங்கொட்டை மரம் என்பார்களே, அதன் இலை ஒரு சாண் நீளம். தோல்போலத் தடிமன். காய்ந்தால் ஓரங்கள் மடங்கித் தோணிமாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் லேசான காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போகும். நனைந்தால் அதே இலை விரிந்து, சிமெண்டுக்கும் தனக்கும் நடுவே ஒரு நீர்ப்படலத்தைப் பிடித்துக்கொண்டு அப்பளம்போல ஒட்டிவிடும். மேலிருந்து எவ்வளவு ஊதினாலும் தரையோடு இன்னும் அழுந்துமே தவிர நகராது. காற்று இலையின் ஓரத்துக்கு அடியில் நுழைந்தால்தான் அது கிளம்பும். மாவிலையும் இதே குணம்தான், அளவில் சிறிது.

கெத்தாப்பாங் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை இலை முழுவதும் சிவந்து மொத்தமாக உதிர்க்கும். அந்த இரண்டு மூன்று வாரம் தினமும் வேலை இருக்கும். மற்ற நாள்களில் வாரம் இருமுறை போதும். மெஷினின் அளவை அந்த மும்முரமான வாரங்களுக்காகத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் சிமெண்டுத் தரையையும் புல்லையும் சேர்த்தால் 1,300 சதுர அடி, ஏறத்தாழ 120 சதுர மீட்டர். சின்ன இடம்தான்.

கடைக்காரர் காட்டிய மெஷினை முதலில் கழித்துவிடுவோம். உறிஞ்சி அரைக்கும் மெஷினில், குழாய் வழியாக வரும் சருகு உள்ளே சுழலும் விசிறியில் மோதித் துண்டாகி, வளைந்த ஒரு கழுத்தின் வழியே பைக்குள் போகிறது. ஈரச் சருகு அந்தக் கழுத்தில்தான் அடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, குழாயைக் கழற்றிக் குச்சி விட்டுக் குத்த வேண்டிவரும். கெத்தாப்பாங் காய் மரக்கட்டைபோலக் கெட்டி. அதுவோ மாங்கொட்டையோ கூழாங்கல்லோ உள்ளே போனால் பிளாஸ்டிக் விசிறியின் இதழ் உடையும். இதழ் ஒன்று உடைந்தாலே சமநிலை தவறி மெஷின் முழுவதும் அதிரத் தொடங்கும், அந்த அதிர்விலேயே பேரிங் போய்விடும். உங்கள் வீட்டில் கூழாங்கல்லும் இருக்கிறது, காயும் விழுகிறது. போதாததற்கு, அந்தப் பை தோளில் தொங்கும். ஈரத்தூள் நிறைந்த 40 லிட்டர் பையைச் சுமந்துகொண்டு நடப்பது முட்டி வலிக்காரர் செய்யும் வேலையல்ல.

3000 வாட் என்ற எண்ணையும் கொஞ்சம் பாருங்கள். நம் மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட். 3000-ஐ 230-ஆல் வகுத்தால் 13 ஆம்பியர். நம் மூன்று முனைப் பிளக்கின் உச்ச வரம்பே அதுதான். நிஜமாகவே அவ்வளவு இழுக்கும் மெஷின் என்றால் பிளக்கும் நீட்டு வயரும் சுடும். அவ்வளவு இழுக்காத மெஷின் என்றால் பெட்டியில் எழுதியிருப்பது வெறும் விளம்பரம். இரண்டில் எதுவானாலும் வாங்கக் காரணம் இல்லை.

மகன் சொன்ன முதுகு ப்ளோவர் நல்ல மெஷின்தான். ஆனால் அது சாலை துப்புரவுக்காரர்களுக்கும் பள்ளித் திடலுக்கும் உரியது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. எண்ணெய் விட மறந்து ஒரே ஒரு தடவை ஓட்டினாலும் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு பழுதுபார்க்கும் செலவு மெஷின் விலையை நெருங்கும். வாரத்தில் பதினைந்து நிமிடம் மட்டும் ஓடும் மெஷினில் வேறொரு தொல்லையும் உண்டு. கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் தங்கினால் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின்போலப் படியும், உள்ளிருக்கும் மெல்லிய ரப்பர் தகடும் விறைத்துப்போகும். அப்புறம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும். சத்தமோ, ஓட்டுபவரின் காதருகே 100 டெசிபலைத் தொடும். 85-ஐத் தாண்டினாலே காதுக்கவசம் போட வேண்டும் என்பது தொழிற்கூட வழக்கம். வரிசை வீட்டுக் குடியிருப்பில் அந்த மெஷினை ஓட்டினால் பக்கத்து வீட்டு உறவு ஒரே மாதத்தில் கெட்டுவிடும்.

மிஞ்சியிருப்பது பேட்டரி ப்ளோவர். அது சரியான திசைதான், ஆனால் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் அந்த 21 வோல்ட் மெஷின் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் என்று மூன்று விதமாக எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றே. உள்ளே ஐந்து செல் தொடராக இணைந்திருக்கும். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுச் சார்ஜில் செல் ஒன்றுக்கு 4.2, ஐந்துக்கு 21. எனவே 21 என்பதற்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. மலிவு பேட்டரிகளின் மேல் 88விஎஃப், 128விஎஃப் என்றெல்லாம் அச்சடித்திருப்பார்கள். விஎஃப் என்று ஓர் அலகே கிடையாது. வாங்குபவர் அதை வோல்ட் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் கணக்கு. பார்க்க வேண்டியது ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. அதையும் சமையலறைத் தராசிலேயே ஓரளவு சரிபார்க்கலாம். வழக்கமான 18650 செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். நல்ல 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பத்து செல் இருக்கும். செல் மட்டுமே 450 கிராம், மேலோடும் சர்க்யூட்டும் சேர்ந்தால் 600 கிராமை ஒட்டி வர வேண்டும். கையில் இருக்கும் பேட்டரி 350 கிராம்தான் என்றால் உள்ளே ஐந்து செல்தான், மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி.

மகனின் டிரில் எந்தப் பிராண்டோ அதே பிராண்டில், அதே பேட்டரி வரிசையில், ப்ளோவரைத் தனியாக வாங்குங்கள். கடையில் ‘பாடி ஒன்லி’ அல்லது ‘சோலோ’ என்று கேட்டால் பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் தருவார்கள். இந்த வகைக் கருவிகளில் பணம் பெரும்பாலும் பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான் போகிறது. ஒரு பிராண்டு பேட்டரியை இன்னொரு பிராண்டு மெஷினில் மாட்டும் அடாப்டர்கள் விற்கிறார்கள், அவை வேண்டாம். சூடேறினால் நிறுத்து, சார்ஜ் இறங்கினால் நிறுத்து என்று பேட்டரியும் மெஷினும் பேசிக்கொள்ளும் கம்பி அவற்றில் பெரும்பாலும் இருக்காது.

மகனிடம் உள்ள 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மட்டும் போதுமா என்றால், போதாது. 18 வோல்ட்டை 2-ஆல் பெருக்கினால் 36 வாட்-ஹவர். முழு வேகத்தில் 350 வாட் இழுக்கும் ப்ளோவருக்கு அது ஆறு நிமிடம். அதுகூட முழுதாகக் கிடைக்காது. 350 வாட் என்றால் 19 ஆம்பியர் மின்னோட்டம், ஒற்றை வரிசையாக இருக்கும் ஐந்து செல்லும் அதை முழுவதும் தாங்க வேண்டும். சூடேறி, சார்ஜ் மிச்சமிருக்கும்போதே மெஷின் நின்றுபோகும். டிரில்லுக்குப் பிரச்சினை தராத பேட்டரி ப்ளோவரில் திணறுவது இதனால்தான். திருகு முடுக்குவது சில நொடி வேலை, ஊதுவது விடாமல் ஓடும் வேலை. 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் செல்கள் இரண்டு வரிசை, மின்னோட்டம் வரிசைக்குப் பாதி. அதில் 72 வாட்-ஹவர் இருக்கிறது, முழு வேகத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடும். ஆகவே 4 ஆம்பியர்-ஹவர் ஒன்று புதிதாக வாங்குங்கள். பழைய 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டும் கடைசிச் சில்லறை வேலைக்கு உதவும்.

பன்னிரண்டு நிமிடம் குறைவாகத் தோன்றலாம். விசிறிக்கு ஒரு குணம் உண்டு. அதன் வேகத்தை 70 விழுக்காட்டுக்குக் குறைத்தால் தேவைப்படும் மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். அதனால் அதே பேட்டரி அரை மணி நேரத்துக்கு மேல் வரும். காய்ந்த சருகுக்கு 70 விழுக்காடே தாராளம். சுவிட்சை முழுவதும் அழுத்திக்கொண்டே நடப்பவர்களுக்குத்தான் பேட்டரி பற்றாது. எனவே விரல் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் மாறும் சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள், அல்லது குறைந்தது மூன்று வேகமாவது இருக்கட்டும்.

இனி ப்ளோவரின் பலத்தைப் பார்ப்போம். பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று, நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம். சில பெட்டிகளில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்றிருக்கும், அதை 35-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். வேகம் கிலோமீட்டரில் இருந்தால் 3.6-ஆல் வகுங்கள். விளம்பரம் எப்போதும் வேகத்தைத்தான் கூவும். வேகம் ஒட்டியிருக்கும் ஓர் இலையைக் கிளப்பும், அளவுதான் குவியலைத் தள்ளும். குழாய் முனையைச் சின்னதாக்கினால் எந்த மெஷினிலும் வேகத்தை ஏற்றிவிடலாம், அதனால் குவியல் நகராது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க எளிய கணக்கு: கன மீட்டரை 60-ஆல் வகுத்து, வேகத்தால் பெருக்கி, 1.2-ஆல் பெருக்குங்கள். வருவது தள்ளும் விசை, நியூட்டனில். ஒரு நியூட்டன் என்பது உள்ளங்கையில் 100 கிராம் எடை வைத்தால் தெரியும் அழுத்தம். ஹார்ட்வேர் கடைகளில் தொங்கும் குட்டி ப்ளோவர் நிமிடத்துக்கு 2.8 கன மீட்டர், நொடிக்கு 75 மீட்டர் என்றால் விசை 4 நியூட்டன்தான் வரும். அவை மரப்பட்டறையில் தூள் ஊதவும் கம்ப்யூட்டர் தூசி தட்டவும் செய்யப்பட்டவை. தோட்டத்துக்கென்று செய்த நீளக் குழாய் ப்ளோவர் 9 கன மீட்டர், 45 மீட்டர் என்றால் 8 நியூட்டன். வேகம் குறைவாகத் தெரிந்தாலும் வேலை இரண்டு மடங்கு. மகன் சொல்லும் முதுகு மெஷின் 20-ஐயும் தாண்டும். உங்கள் தரைக்கு 8 முதல் 10 இருந்தால் நிறைவு. ஒரு எச்சரிக்கை: சில பெட்டிகளில் காற்றின் அளவைக் குழாய் மாட்டாமலும், வேகத்தைக் குறுகிய முனையோடும் அளந்து எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட எண்களைப் பெருக்கினால் கிடைப்பது கற்பனை விசை. நியூட்டன் என்றே அச்சிட்டிருந்தால் அதை நம்பலாம்.

பேட்டரியோடு எடை 3 கிலோவைத் தாண்டக் கூடாது. குழாய் நுனி, நீங்கள் நிமிர்ந்து நிற்கும்போதே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் குட்டையாக இருந்தால் ஊதும்போதும் குனிய வேண்டிவரும், அப்புறம் விளக்குமாற்றுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மின்வயர் ப்ளோவரை நான் பரிந்துரைக்கவில்லை. ஈரப்புல்லில் 60 அடி வயரை இழுத்துக்கொண்டு நடப்பதில் காலும் சிக்கும், ஆபத்தும் உண்டு. அப்படித்தான் முடியும் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், சிரிம் தரமுத்திரையோடு வாங்குங்கள். சுருளை முழுவதும் அவிழ்த்த பிறகே ஓட்டுங்கள், சுற்றியபடி ஓட்டினால் உள்சுற்று உருகும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை முதலில் அழுத்தி, அது விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ளோவர் உங்களுக்குப் பயன்படப்போவது பாதி இடத்தில்தான்: கூழாங்கல் பகுதி, பூச்சட்டி இடுக்கு, வேலியோரம், கார் அடி. விளக்குமாறும் கையும் நுழையாத அந்த இடங்களில் அதற்கு நிகரில்லை. கூழாங்கல் மேல் ஊதும்போது நுனியை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து, பாதி வேகத்தில், சாய்வாக ஊதுங்கள். சருகு எழும், கல் கிடக்கும். கிட்டே கொண்டுபோனால் சின்னக் கற்கள் தெறித்துக் கார்க் கண்ணாடியில் விழும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் வெளியே விளையாடும்போது ஓட்டாதீர்கள்.

சிமெண்டில், நனைந்து ஒட்டிய இலைக்கு நுனியைத் தரையை ஒட்டி, மிகத் தாழ்ந்த கோணத்தில், இலையின் ஓரத்தை நோக்கிப் பிடியுங்கள். அப்படியும் கிளம்பாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், பேட்டரியைத் தின்னவிடாதீர்கள். அதற்குத்தான் தென்னை ஈர்க்கில் கட்டிய லிடி விளக்குமாறு இருக்கிறது. சுவர்ப் பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கம் தள்ளி வாருங்கள், ஆனால் கேட்டைத் தாண்டி சாலையோர வடிகாலான லோங்காங்குக்குள் மட்டும் ஊதிவிடாதீர்கள். கெத்தாப்பாங் இலை மூன்று நான்கு போதும், லோங்காங் கம்பி வலையில் படுத்துக்கொண்டு ஒரு மழையிலேயே தண்ணீரை உங்கள் வாசலுக்குத் திருப்பிவிடும்.

புல்லில் ப்ளோவர் அவ்வளவாக உதவாது. கவ்கிராஸின் அகன்ற இலைகளுக்கு நடுவே சருகு செருகிக்கொள்ளும். அங்கே வேண்டியது ரேக், அதிலும் விசிறிபோல விரியும் வகை. இரும்புப் பல் வைத்த கனமான ரேக் மண் சமன் செய்வதற்கானது, அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெல்லிய ஸ்டீல் பல் உள்ளதிலும் கெத்தாப்பாங் இலை ஒவ்வொரு பல்லிலும் குத்திக்கொண்டு நிற்கும், நாலு இழுப்புக்கு ஒருமுறை குனிந்து பிடுங்க வேண்டும். பெரிய இலைக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள, பட்டையான பல் வைத்த பிளாஸ்டிக் ரேக்கே மேல். கைப்பிடிதான் முக்கியம். கடையில் பொருத்தி வைத்திருப்பது பல சமயம் 120 சென்டிமீட்டர், அது முதுகை வளைத்துவிடும். ரேக்கைத் தரையில் நிறுத்தினால் கம்பு உங்கள் தாடை உயரத்துக்கு வர வேண்டும். நீளக் கம்பு தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இழுக்கும்போது கையை முன்னால் நீட்டி நெடுக இழுக்காமல், பக்கவாட்டில் நின்று இரண்டு அடி இரண்டு அடியாக இழுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்ளுங்கள். தள்ளிக்கொண்டே போனால் தூரிகை சுழன்று சருகைப் பைக்குள் வீசும் இரு சக்கர வண்டியும் கிடைக்கிறது. ஒட்ட வெட்டிய, காய்ந்த, சமமான புல்லில் அது அழகாக ஓடும். புல் நனைந்திருந்தால் சக்கரம் வழுக்கும், தூரிகை சுற்றாது. 900 சதுர அடிக்கு அதை வாங்கிவைக்க இடமும் பணமும் வீண்.

லிடி விளக்குமாற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நின்றபடி கூட்ட நீளக் கம்பு வைத்ததே வேண்டும். புதிதாக வாங்கியதில் குச்சிகள் பச்சையாக இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து சுருங்கிக் கட்டுத் தளரும். குச்சி உதிர்ந்துபோவது இதனால்தான், விளக்குமாறு மோசம் என்பதால் அல்ல. கட்டுத் தளர்ந்ததும் அடிப்பகுதியைத் தரையில் நாலு தட்டுத் தட்டிக் குச்சிகளைச் சமன்படுத்தி, பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, இழுத்து மாட்டுங்கள். இன்னும் ஆடினால் கட்டின் நடுவே ஒரு சின்ன மர ஆப்பு இறக்குங்கள். நுனி ஒரு பக்கமாக வளைந்துவிட்டால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கத்தரித்துவிடலாம். குட்டையான, விறைத்த நுனிதான் நனைந்த இலையைச் சுரண்டி எடுக்கும். நுனி தரையில் படும்படி நிறுத்திவைக்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள்.

இந்தக் கருவிகள் எல்லாம் சருகை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவதோடு சரி. முட்டியைக் கொல்லும் வேலை அதற்கு அப்புறம், அள்ளிப் பையில் போடுவது. யாரும் உங்களுக்குச் சொல்லாதது இதுதான். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கேன்வாஸ் ஒன்றை, மூலைகளில் வளையம் வைத்தது, வாங்குங்கள். புல்லோரத்தில் விரித்து, ஒரு விளிம்பில் செங்கல் இரண்டு வைத்துவிட்டு, ரேக்காலும் ப்ளோவராலும் நேரே அதன் மேலேயே தள்ளுங்கள். நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்தால் மூட்டை. தரையோடு இழுத்துக்கொண்டு போகலாம், தூக்க வேண்டியதில்லை. பையில் கொட்ட, அடி நீக்கிய பழைய வாளியைப் பையின் வாய்க்குள் செருகினால் வாய் விரிந்து நிற்கும். ஈரச் சருகு கனக்கும், பையைப் பாதி அளவில் கட்டிவிடுங்கள். குவியலுக்குள் வெறுங்கையை விடாதீர்கள், தேளும் பாம்புக்குட்டியும் குளிர்ச்சிக்கு அங்கேதான் ஒதுங்கும். கனத்த கையுறை ஒரு ஜோடி கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எரிப்பதை நிறுத்தியது நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக நிறுத்தினீர்கள், சட்டமும் அதையே சொல்கிறது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது, வீட்டுச் சருகாக இருந்தாலும் அபராதம் உண்டு. கோலாலம்பூரில் 2015 முதல் குப்பை பிரிக்கும் திட்டம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரண வீட்டுக் குப்பை எடுப்பார்கள், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், பெரிய சாமான், தோட்டக் கழிவு. உங்கள் தெருவுக்கு அந்த ஒரு நாள் எது என்று தெரிந்துகொண்டு, முந்தின நாள் சருகைச் சேர்த்தால் மூட்டை வாசலில் நனைந்து கிடக்காது.

எல்லாவற்றையும் வெளியே அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. மாஞ்சருகை மாமரத்தடியிலேயே நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்திலிருந்து ஒரு சாண் விட்டு. கெத்தாப்பாங் இலை லேசில் மக்காது. அதை உரமாக்க நினைத்தால் முதலில் காயவைத்து, நொறுக்கி, மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு காய்கறிக் கழிவு கலக்க வேண்டும். சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள், கரையான் வரும். சண்டை மீன் வளர்ப்பவர் தெருவில் யாராவது இருந்தால், நன்றாகக் காய்ந்த, பூச்சி அரிக்காத சிவப்பு இலையை அவர் நன்றியோடு வாங்கிக்கொள்வார். மீன் தொட்டியில் போட அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கூரையோரத்தில் மழைநீர் ஓடும் நீர்த்தாரையைப் பாருங்கள். கெத்தாப்பாங் பக்கத்தில் இருக்கும் வீட்டில் கீழே விழுவதைவிட மேலே தங்குவதுதான் தொல்லை. தோணிபோல மடிந்த ஒரே இலையில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். சட்டி இடுக்கையும் தட்டுகளையும் வாரம் தவறாமல் பார்க்கச் சொல்வது இதனால்தான். நீர்த்தாரைக்கு ப்ளோவரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறக் கூடாது. ஒரு கை மெஷினிலும் ஒரு கை ஏணியிலுமாக நின்றால், காற்றின் பின்னுதைப்பில் ஆள் சமநிலை தவறிவிடலாம். அங்கே கிடப்பதும் சருகு அல்ல, சேறு, அது ஊதினால் வராது. ஆள் வைத்து ஒருமுறை அள்ளிச் சுத்தம் செய்து வலை போட்டுவிடுங்கள். கிளைகள் கூரைமேல் சாய்ந்திருந்தால் நீங்களாக வெட்டாதீர்கள். மரம் டிபிகேஎல்லுடையது, கழிக்கச் சொல்லி அவர்களிடம் மனுக் கொடுப்பதுதான் முறை.

கடைக்குப் போகும்போது மகனின் பேட்டரி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதை ப்ளோவரில் மாட்டி, அங்கேயே இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மகன் அல்ல, நீங்கள் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் மணிக்கட்டு கீழே இறங்கினால் அடுத்த மாடலைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும், வெயில் படும் கார் போர்ச்சில் பேட்டரியை விட்டுவைக்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள். ஊதி முடித்த கையோடு சூடாகச் சார்ஜரில் மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிட்டு மாட்டுங்கள்.